அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்: பிளக் முதல் ஸ்பீக்கர் வரை கவனிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெருவிலோ ஊர்ப்பக்கத்து ரேடியோ கடையிலோ போர்டு ஒரு பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கம், கேபினெட் ஒரு பக்கம் என வாங்கிப் பூட்டிய ஆம்ப்ளிஃபயர் இன்னமும் நம் வீடுகளில் நிறையவே ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுத்த காசுக்கு அது தரும் சத்தத்தைக் கம்பெனி செட் தராது. ஆனால் முன்பக்கம் ப்ளூடூத், டிஸ்ப்ளே, ரிமோட் என்று மின்னும் அதே செட்டின் மூடியைக் கழற்றினால், 230 வோல்ட் வயர் இரண்டு முறுக்கி டேப் சுற்றி மூலையில் தொங்குவதைப் பார்க்கலாம். கம்பெனி செட்டில் சட்டத்துக்காகச் செய்தாக வேண்டிய பாதுகாப்பெல்லாம், அசெம்பிள் செட்டில் பூட்டியவரின் பொறுமையைப் பொறுத்தது.

வாட் அதிகமான செட்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 24-0-24 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி தரும்) டிரான்ஸ்ஃபார்மர் போட்ட செட்டில் டையோடு தாண்டி வருவது பிளஸ் 34, மைனஸ் 34 வோல்ட் அளவுதான். அது போர்டை எரிக்கும், ஸ்பீக்கரைக் கருக்கும். ஆளைக் கொல்வது அபூர்வம். உயிருக்கு ஆபத்தான இடம் சுவர் பிளக்கில் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி முனையில், அதாவது 230 வோல்ட் உள்ளே நுழையும் பக்கத்தில், முடிந்துவிடுகிறது. செட்டுக்குள் அது ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மெனக்கெட வேண்டியது முதலில் அங்கேதான்.

அந்த ஒரு சாண்

பவர் கார்டு மூன்று கோர் உள்ளதாக, குறைந்தது 0.75 சதுர மி.மீ. கனத்தில், ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டும். பிளக் டாப் 6 ஆம்பியர் மூன்று பின். இப்போதைய கார்டுகளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். உலோக கேபினெட்டுக்கு இரண்டு பின் கார்டு போடவே கூடாது. "இத்தனை வருஷமாக ஓடுதே" என்ற பதிலை இதற்கு ஏற்க முடியாது. இன்சுலேஷன் விட்டுப்போகும் நாள் வரை எல்லா செட்டும் நன்றாகத்தான் ஓடும்.

கார்டு உள்ளே நுழையும் ஓட்டைக்கு ரப்பர் குரோமட் (விளிம்பை மூடும் வளையம்) அவசியம். தகட்டின் விளிம்பு நாளடைவில் வயரின் தோலை அறுத்துவிடும். உள்ளே வந்ததும் கார்டை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வயரில் முடிச்சுப் போட்டு விட்டுவிடுவது கிளாம்ப் ஆகாது. உள்ளே எர்த் வயரை மற்ற இரண்டையும்விட இரண்டு மூன்று செ.மீ. நீளமாக விடுங்கள். யாராவது கால் தடுக்கிக் கார்டைப் பிடுங்கினால் ஃபேஸ் முதலில் அறுந்து, எர்த் கடைசியாக அறுபட வேண்டும்.

எர்த் வயரின் முனையில் வளைய லக் அடித்து, கேபினெட்டில் அதற்கென்றே ஒரு போல்ட்டில் மாட்ட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே சேர்த்து மாட்டுவது வழக்கம். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றுகிற அன்று எர்த்தும் சேர்ந்து கழன்றுவிடும். லக் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை நன்றாகச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். பவுடர் கோட்டிங் கேபினெட்டில் இந்தச் சுரண்டல் நடக்காவிட்டால் எர்த் இருப்பதாகத் தோன்றும், ஆனால் இருக்காது. சரிபார்க்க, செட்டைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் (எர்த் பின்) கேபினெட்டின் ஏதாவதொரு திருகுக்கும் இடையே அளவு பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் காட்டும் எண்ணைக் கழித்த பிறகு அரை ஓமுக்குள் வர வேண்டும். மேல் மூடி, முன் பேனல், பின் பேனல் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பிறகு ஃபியூஸ். அது ஃபேஸ் வயரில், சுவிட்சுக்கும் முன்னால், கார்டு உள்ளே வந்த உடனேயே இருக்க வேண்டும். அளவை ஊகித்துப் போடக் கூடாது, கணக்குப் போட்டால் போதும். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் 24 பெருக்கல் 5, அதாவது 120 விஏ (வோல்ட் ஆம்பியர்). 230-ஆல் வகுத்தால் 0.52 ஆம்பியர். 24-0-24, 3 ஆம்பியர் என்றால் 144 விஏ, 0.63 ஆம்பியர். இரண்டுக்குமே 1 ஆம்பியர் ஸ்லோ புளோ (நொடி நேர இழுப்பைத் தாங்கும்) ஃபியூஸ் சரியாக வரும். சாதாரண வேக ஃபியூஸ் போட்டால் ஸ்விட்ச் போட்ட நொடியில் காலியான கன்டென்சர்கள் (கெபாசிட்டர்கள்) இழுக்கும் இழுப்பில் பறந்துவிடும். அதைப் பார்த்து எரிச்சலாகி 5 ஆம்பியர் போடுவார்கள், அப்புறம் வயரில் ஒரு இழையைப் பிரித்துச் சுற்றுவார்கள். செப்பு இழை போட்ட ஹோல்டரில் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஃபியூஸ் வேலை பார்க்கும்.

பிரைமரி ஜாயின்ட்களில் இன்சுலேஷன் டேப் நம் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்காது. பசை இளகி, டேப் சுருண்டு கழன்றுவிடும். சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். சுவிட்ச் முனைகளுக்கும் ஸ்லீவ் வேண்டும். 230 வோல்ட் வயர்கள் ஒரு சுவரோரமாகவும், சிக்னல் வயர்கள் எதிர்ச் சுவரோரமாகவும் போகட்டும். பாதுகாப்பும் கூடும், ஹம் எனும் உறுமலும் குறையும்.

வட்டமான டோராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நடுவில் போகும் போல்ட்டின் தலை அடித்தகட்டிலும், மறுமுனை மேல் மூடியிலும் முட்டினால், போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்றாகிவிடும். ஷார்ட் ஆன அந்தச் சுற்றில் பாயும் கரண்ட் மிகப் பெரியது. ஃபியூஸ் பறக்கும், பெரிய ஃபியூஸ் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். போல்ட்டுக்கும் மூடிக்கும் இடையே ஒரு செ.மீ.யாவது விடுங்கள்.

உறுமலுக்காக எர்த்தை வெட்டாதீர்கள்

செட் டாப் பாக்ஸை ஆம்ப்பில் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று உறுமும். எர்த் பின்னைக் கழற்றினால் உறுமல் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் இதே வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். வீட்டு ஆடியோவில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இதுதான். எர்த் இருக்கும்போது ஃபேஸ் கேபினெட்டில் பட்டால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) உடனே விழும். அது இல்லாத வீட்டிலும் எர்த் நல்லதாக இருந்தால் ஃபியூஸாவது பறக்கும். எர்த்தை வெட்டிய செட்டில் ஒன்றும் விழாது. யாராவது வந்து தொடும் வரை கேபினெட் 230 வோல்ட்டில் அமைதியாக இருக்கும். ஆர்சிசிபி அப்போது விழும் என்றாலும், அது விழுவதற்குத் தேவையான கரண்ட் தொட்டவரின் உடம்பு வழியாகப் போயிருக்கும்.

உறுமலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆம்ப்பின் பின்னால் உள்ள எல்லா ஆர்சிஏ (ஆடியோ சிக்னல்) கேபிளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு செட்டுக்குள்: ஃபில்டர் கன்டென்சர் காய்ந்திருக்கும், இல்லை சிக்னல் வயர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போகும், இல்லை கிரவுண்டுகளை (சர்க்யூட்டின் பொது 0 வோல்ட் இணைப்புகளை) ஒரே புள்ளியில் சேர்க்காமல் கண்ட இடத்தில் இணைத்திருப்பார்கள். கேபினெட்டைக் கையால் தொட்டதும் உறுமல் குறைந்தால் எர்த்தே வந்து சேரவில்லை என்று சந்தேகப்படலாம். கேபிளைக் கழற்றியதும் மௌனமானால் அது கிரவுண்டு லூப். ஒவ்வொரு கேபிளாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி டிவிக்கு வரும் கேபிள் லைனோ டிஷ் லைனோதான். அந்தக் கோ-ஆக்ஸ் வயரின் மேல் வலை வெளியில் எங்கோ ஒரு எர்த்தில் இருக்கிறது. உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம் ஆர்சிஏ கேபிளின் வெளி வலை வழியாகப் பாய்ந்து 50 ஹெர்ட்ஸ் உறுமலாகிறது.

தீர்வு மூன்று. டிவியும் ஆம்ப்பும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருக்கட்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் ஆப்டிகல் கேபிளும் ஒரு டாக் போர்டும் (டிஜிட்டல் சிக்னலை ஆடியோவாக மாற்றுவது) போடுங்கள். ஒளியில் கிரவுண்டு போகாது. அதுவும் இல்லாவிட்டால் ஆர்சிஏ வழியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் கடையில் தருவார்கள். மலிவானவற்றில் பாஸ் கொஞ்சம் மெலியும், உயிரோடு ஒப்பிட்டால் அது பெரிய நஷ்டமில்லை.

ஆர்சிஏ கேபிளைத் தொடும்போது ஊசி குத்துவதுபோல் சுருக்கென்று இருப்பதும் பலரைக் குழப்பும். இரண்டு பின் அடாப்டரில் ஓடும் செட் டாப் பாக்ஸ், டிவி, லேப்டாப் இவற்றின் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் இடைஞ்சலைக் குறைக்க ஒரு சின்ன கன்டென்சர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய கரண்ட் உலோக பாகத்துக்குக் கசியும். மீட்டரில் 100 வோல்ட் பக்கம் காட்டினாலும் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் உண்மையாகவே கசிந்தாலும் ஆரம்பத்தில் இதே சுருக்குத்தான். டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் இரண்டுக்கும் எரியும், கேபிள்கள் மாட்டியிருக்கும்போது அதை நம்பாதீர்கள். எல்லாக் கேபிளையும் கழற்றி, ஆம்ப்பை மட்டும் ஆன் செய்து கேபினெட்டை டெஸ்டரால் பாருங்கள். தனியாக இருக்கும்போதும் எரிந்தால் செட்டை ஓட்ட வேண்டாம். இந்தக் கசிவினால்தான் ஆர்சிஏ கேபிளை ஆன் நிலையில் மாட்டினால் 'டப்' என்று அதிர்கிறது. ட்வீட்டர் போவது அந்த ஒரு நொடியில். மாட்டுவது, கழற்றுவது எல்லாம் ஆஃப் செய்த பிறகுதான்.

சுவரில் மூன்று ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-ஐ ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகளுக்குள்ளும் வர வேண்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், துருப்பிடித்த எர்த்தும் இதில் நல்ல எர்த்தாகக் காட்டும். எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்துப் பார்ப்பார். ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது விழுந்துவிடும். இல்லாத வீட்டில் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். சில பழைய வீடுகளில் எர்த் இல்லையென்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு வளைத்துவிட்டிருப்பார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஆம்ப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஃபேஸ் வந்து நிற்கும். அந்த வளைவைக் கண்டால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

மூடியைத் திறப்பவர்களுக்கு

பிளக்கைக் கழற்றிவிட்டாலும் ஃபில்டர் கன்டென்சரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பார்ப்பது வீரமாகத் தெரியலாம். முனை உருகும், கன்டென்சர் கெடும், பொறி கண்ணில் தெறிக்கும். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள வயரில் சால்டர் செய்து, பிளஸ் பக்கம் ஐந்து நொடி, மைனஸ் பக்கம் ஐந்து நொடி பிடித்தால் 10,000 மைக்ரோ ஃபாரட் வரை காலியாகும். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒவ்வொரு கன்டென்சருக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் 2 வாட் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் தானாகவே வடிந்துவிடும்.

சவுண்ட் பார், கம்பெனி ஹோம் தியேட்டர், எஸ்எம்பிஎஸ் வைத்த சப் வூஃபர் இவற்றுக்கு இந்த வித்தை பொருந்தாது. அவற்றின் பிரைமரி கன்டென்சரில் நிற்பது சுமார் 325 வோல்ட் டிசி. பழக்கமில்லாதவர்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

கன்டென்சர் வாங்கும்போது வோல்ட்டேஜில் கஞ்சத்தனம் வேண்டாம். 24 வோல்ட் ஏசி 34 வோல்ட் டிசி ஆகும். லோடு இல்லாதபோதும் ராத்திரியில் லைன் 250-ஐத் தொடும்போதும் 40 பக்கம் ஏறும். அங்கே 35 வோல்ட் கன்டென்சர் போட்டால் உப்பி வெடிக்கும். 50 வோல்ட்தான் போட வேண்டும். 12-0-12-க்கு 25 வோல்ட் போதும்.

ஐசி, டிரான்சிஸ்டர் மாற்றும்போது மைக்கா ஷீட்டையும் பிளாஸ்டிக் புஷ்ஷையும் மறக்காதீர்கள். டிடிஏ 2030, டிடிஏ 7294 இரண்டின் முதுகுத் தகடும் மைனஸ் சப்ளையோடு உள்ளேயே இணைந்தவை. 5200, 1943 டிரான்சிஸ்டர்களின் முதுகு அவற்றின் கலெக்டர் முனையோடு இணைந்தது. மைக்கா இல்லாமல் மாட்டினால் ஹீட் சிங்க் முழுக்கச் சப்ளை வந்துவிடும்; அது கேபினெட்டைத் தொட்டதும் புகைதான். மாட்டிய பின் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டரின் பீப் கேட்கக் கூடாது.

வேலை முடிந்து முதல்முறை ஆன் செய்யும்போது நேராகச் சுவரில் செருகாமல் சீரிஸ் பல்பு வழியாகக் கொடுங்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, ஃபேஸ் வயரில் தொடராக. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அடுத்து ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்பீக்கர் பக்கம்

அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் 34 வோல்ட் டிசி அப்படியே வாய்ஸ் காயிலில் இறங்கும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் 6 ஓம் பக்கம்தான் காட்டும். கணக்குப் போட்டால் 190 வாட்டுக்கு மேல், அதுவும் நிற்காத டிசி. கோன் ஒரு பக்கமாகத் துள்ளி நிற்கும், காயில் சிவக்கும், பேப்பரும் பஞ்சும் பற்றும். மரப்பெட்டிக்குள் தீ வருவது இப்படித்தான். யுபிசி 1237 ஐசியும் ரிலேயும் வைத்த ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும், ஆன் செய்யும்போது வரும் 'தம்'மையும் தடுக்கும். பாதி அசெம்பிள் செட்களில் காசு மிச்சம் பிடிக்க விடும் முதல் பொருள் இதுதான்.

இரண்டு 8 ஓம் பாக்ஸைப் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம், நான்கு கொடுத்தால் 2 ஓம். திருவிழா மாதிரி எல்லா அறைக்கும் ஒரே சேனலிலிருந்து வயர் இழுப்பவர்களின் ஐசி சூடேறிச் சாவதற்கு இதுவே காரணம். டிடிஏ 7294-ஐ 24-0-24-இல் ஓட்டினால் 8 ஓம் மட்டும்தான். 4 ஓம் வேண்டுமென்றால் 18-0-18-க்கு இறங்குங்கள்.

12 வோல்ட், 19 வோல்ட் அடாப்டரில் ஓடும் டிபிஏ 3116 போன்ற கிளாஸ் டி போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் உண்டு, எதுவுமே கிரவுண்டு இல்லை. இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸை ஒன்றாக முறுக்கினாலோ கேபினெட்டில் சேர்த்தாலோ போர்டு போய்விடும்.

வயருக்கு 8 ஓம் பாக்ஸ், 10 மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மி.மீ. தாராளம், போய்வரும் தடை கால் ஓமுக்குள் நிற்கும். 0.75 வயரில் அதே தூரத்துக்கு அரை ஓம் வந்துவிடும். 23/36, 40/36 (36 கேஜ் இழைகள் 23, 40) என்று கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு: அவை சுமார் 0.7, 1.2 சதுர மி.மீ.

ஸ்பீக்கர் வயரின் முனையில் இரண்டு பின் பவர் பிளக் போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு குழந்தை அதைச் சுவரில் செருகினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஸ்பீக்கருக்கு பனானா, ஸ்பீக்கான், ஸ்பிரிங் கிளிப் எது வேண்டுமானாலும் போடுங்கள். சுவர் சாக்கெட்டில் நுழையக்கூடிய எதையும் போடாதீர்கள்.

வைக்கும் இடம், மழைக்காலம், காது

ஆம்ப்பின் மேல் பத்து செ.மீ. காலியாக இருக்கட்டும். தூசி படியாமல் இருக்க பூ வேலைப்பாட்டுத் துணி போடுவது, மேலே செட் டாப் பாக்ஸை ஏற்றுவது இரண்டும் காற்றோட்டத்தை அடைக்கும். சாமி விளக்கு, பூச்சாடி, ஊதுபத்தி ஸ்டாண்ட் ஆம்ப் மேலும் வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டி மேலும் வேண்டாம். வூஃபர் அதிர்வில் எதுவும் நகரும். காற்றுத்துளைகளின் உட்பக்கம் நைலான் கொசுவலைத் துண்டு ஒட்டினால் பல்லியும் கரப்பானும் வராது. பிரைமரி முனைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பல்லிகள் பல செட்களின் கதையை முடித்திருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ஸ்விட்சை அணைப்பது மட்டும் காவல் ஆகாது. பிளக்கையும் டிஷ் வயரையும் நெட் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். முழங்கும்போது போய் வயரைப் பிடிக்கக் கூடாது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் எம்ஓவி (திடீர் அதிக வோல்ட்டேஜை வாங்கிக்கொள்ளும் பாகம்) சின்னச் சின்னத் தாக்குதல்களைத் தாங்கித் தாங்கித் தேய்ந்துபோகும் பொருள். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலையில் பாதி நடக்காது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் செட் உறுமும், சூடும் ஏறும். கரண்ட் போன நேரத்தில் அதை நிறுத்தி வைப்பதே மேல்.

சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம்; குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 86-இல் 10 மணி, 92-இல் இரண்டரை மணி. சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் பக்கம் தரும் என்பதை நினைவில் வைத்தால், 200 வாட் எதற்கு என்ற கேள்வி எழும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். சொந்த வீட்டு செட் எல்லைச் சுவரருகே இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூட்டக் கூடாது.

பாட்டு ஓடும்போது வார்னிஷ் வாடையோ மீன் கவிச்சி போன்ற வாடையோ வந்தால், வால்யூமைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுவர் ஸ்விட்ச் எட்டாவிட்டால் மெயினை இறக்குங்கள். ஆறிய பிறகு ஃபியூஸைப் பாருங்கள். கண்ணாடிக்குள் கம்பி மட்டும் அறுந்திருந்தால் அதே அளவில் ஒன்று மாற்றி சீரிஸ் பல்பில் பார்க்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் உள்ளே முழு ஷார்ட். இரண்டாவது ஃபியூஸும் போனால் மூன்றாவதைப் போடாமல் மூடியைக் கழற்றி, ரெக்டிஃபயர் டையோடையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் முதலில் மீட்டரில் பாருங்கள்.